ஆல்பேட்டை சோதனைச் சாவடி

கூரியரில் வந்தது சாவி.
கடிதம் இல்லை.
பழைய எல்.ஐ.சி. ரசீதில் சுற்றி
மேலே ரப்பர் பேண்டு, இரண்டு சுற்று.
அனுப்புநர் இடத்தில் அக்கா
குமுதவல்லி ஞானசேகரன், திருநகர், மதுரை
என்று முழுசாய் எழுதியிருந்தாள்,
ஏதோ வக்கீலுக்கு எழுதுவது போல.
கேஸ் போன சித்திரையிலேயே ராசியாகிவிட்டது.
நாங்கள்தான் இன்னும்.

ஆர்.சி. புத்தகம் என்னிடம், சாவி அவளிடம்,
கார் யாரிடமும் இல்லாமல் இருபத்திரண்டு வருஷம்
முதுநகர் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு கிடங்கில்.
வாடகை மட்டும் தவறாமல்
பாதி கடலூரிலிருந்து, பாதி மதுரையிலிருந்து,
மணியார்டரில் தொடங்கி ஜிபே வரை.
கிடங்குக்கார அன்சாரி சொல்வார்:
'சண்டைக்காரங்கதான் கரெக்டா கட்டுவாங்க.'

ஷட்டரைத் தூக்கியதும்
முதலில் வந்தது நெத்திலி வாடை.
பிறகு ஒரு வௌவால்.
வலைக் குவியலைத் தள்ளி, தெர்மோகோல் பெட்டிகளைத் தள்ளி,
தார்ப்பாயை உருவினால்
ஸ்டாண்டர்டு ஹெரால்டு,
நான்கு டயரும் தரையில் அப்பிக் கிடக்க.
தானே புயலில் விழுந்த ஓடு இரண்டு
இன்னும் பானெட் மேலேயே.
கதவின் கீழ்ப்பாதியில் பழுப்பாய் ஒரு கோடு:
வெள்ளம் எதுவரை வந்தது என்று
எங்களைக் கேட்காமல் குறித்து வைத்திருந்தது.

வில்லியனூர் அந்துவான் குனிந்து
அடித்தகட்டை ஸ்குரூ டிரைவரால் குத்தினான்.
அப்பளத்தில் இறங்குவது போல இறங்கியது.
'உப்பு, மேடம். கடல் உக்காந்து தின்னுருக்கு.
சேஸிஸ் பரவாயில்ல.
இஞ்சின, இறக்கிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.'
பரவாயில்லை என்றதை மட்டும்
எடுத்து வைத்துக்கொண்டேன்.

சாவியை நீட்டினேன்.
அவன் வாங்கவில்லை, கைப்பிடியை அழுத்தினான்.
கதவு திறந்துகொண்டது.

பூட்டவே இல்லை, யாரும்.

அந்துவான் நல்லவன்,
என் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தான்.
எலிகளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.
முன் சீட்டின் பஞ்சையெல்லாம்
பின் சீட்டுக்குக் குடிமாற்றியிருந்தன.
அப்பா இருந்தவரை எங்கள் சண்டை
முன் சீட்டில் யார் என்பதோடு நின்றது.

பிரேக் டிரம்மோடு ஒட்டிப்போயிருந்தது.
சுத்தியலால் தட்டி, டீசல் ஊற்றி,
டீ குடித்து, மறுபடி தட்டி,
துறைமுகத்தில் மீன் இறக்கும் ஆறு பேரைக் கூப்பிட்டோம்.
'இரும்புக்கா மேடம்?' என்றான் ஒருவன்.
'இல்ல. ஓட்ட.'
காரை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை.
அதற்குப் பிறகு
மற்ற ஐந்து பேரைவிட அவன்தான் அதிகம் தள்ளினான்.

லாரியில் டிரைவர் பக்கத்தில் எனக்கு இடம்.
முதுகுக்குப் பின்னால் கண்ணாடி,
கண்ணாடிக்குப் பின்னால்
உடைந்தது ஒன்று, உடையாதது ஒன்றாய் ஹெட்லைட்.
கெடிலம் பாலத்தில் ஏறி இறங்கியபோது
ஏதோ ஒன்று கழன்று விழுந்த சத்தம்.
'விழட்டும், எல்லாத்தையும் கழட்டத்தான் போறோம்,'
பைக்கில் பின்னால் வந்த அந்துவான்
போனில் சொன்னான்.

ஆல்பேட்டையில் கை காட்டினார்கள்.
'பாண்டிக்குப் போற வண்டிய எவன் நிறுத்துவான்,'
டிரைவர் முணுமுணுத்தான்.
கான்ஸ்டபிளுக்கு வெறுமனே பார்க்க ஆசை.
ஆர்.சி.யைப் புரட்டினார்.
'வைத்தியலிங்கம் யாரு?'
'அப்பா. இல்ல இப்ப.'
'அப்ப ஓனரு?'
நான் என்ற சொல் புறப்பட்டு வந்து
பல்லுக்குப் பின்னால் நின்றது.
'ரெண்டு பேர்,' என்றேன்.

அவர் சுற்றிப் போய் டிக்கியைத் தட்டினார்.
'ரெடி பண்ணித் திரும்பி வரப்ப இதத் திறந்து காட்டணும்.
இப்ப உள்ள என்ன?'
ரப்பர் பேண்டைப் பிரித்தபோதே பார்த்திருக்க வேண்டும்.
அந்த வளையத்தில் எப்போதும் இரண்டு சாவி.
வந்தது ஒன்று.
'தெரியல சார்.'
'சாவி?'
'எங்க அக்காகிட்ட.'

பெண்ணையாற்றுப் பாலத்தில்
போனை எடுத்து அவள் நம்பரைத் தேடினேன்.
குமுதவல்லியில் இல்லை. அக்காவில் இல்லை.
பிரதிவாதி என்று சேமித்திருந்தேன்.